வெயில் இலவசம்தான், கடனுக்கு வட்டி உண்டு

கூரையில் சோலார் பேனல் போடலாம் என்று கடன் கேட்டு ஒரு வங்கிக்குப் போயிருந்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். விண்ணப்பத்தை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கார்னா இன்னைக்கே போட்டுடலாம் சார். வட்டியும் இதைவிடக் கம்மி. இது கூரை மேல இருக்கிற சாமான். நாளைக்கு நீங்க தவணை கட்டலைன்னா, நாங்க ஏணி போட்டு ஏறி இதைக் கழட்டிட்டுப் போக முடியாது பாருங்க."

அவர் பக்கம் நின்று பார்த்தால் அதில் தப்பே இல்லை. காரைப் பிடித்துக்கொண்டு போய் விற்கலாம். பேனலைக் கழற்றினால் ஓட்டை விழுந்த கூரைதான் மிச்சம். ஆனாலும் திரும்பி வரும்போது மனசு ஆறவில்லை. வாங்கிய நாளிலிருந்து மதிப்பு குறைந்துகொண்டே போகிற, ஓட ஓட எரிபொருள் கேட்கிற ஒரு பொருளுக்குக் குறைந்த வட்டி. 25 வருஷம் சும்மா உட்கார்ந்து கரன்ட் கொடுக்கிற பொருளுக்குக் கூடுதல் வட்டி.

அன்று இரவு ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். சுத்தமான மின்சாரத்தைப் பற்றி வருஷக்கணக்கில் படித்துக்கொண்டிருந்த எனக்கு, அந்த ஒரு தாள் கற்றுக்கொடுத்த அளவுக்கு வேறெதுவும் கற்றுக்கொடுக்கவில்லை. அதை அப்படியே இங்கே எழுதுகிறேன்.

ஒரு கிலோவாட் சூரிய மின் அமைப்பு. போடுவதற்கு 1,000 டாலர் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். நல்ல வெயில் அடிக்கும் இடத்தில் அது வருஷத்துக்குச் சுமார் 1,500 யூனிட் தரும். ஆயுள் 25 வருஷம். பராமரிப்பு, துடைப்பு எல்லாவற்றையும் கொஞ்சம் தள்ளி வைத்துவிடலாம். இந்த 1,000 டாலரும் கடன். 3 சதவீத வட்டி என்றால் வருஷத் தவணை 57 டாலர் சொச்சம், யூனிட்டுக்கு 3.8 சென்ட் விழுகிறது. அதே கடன் 10 சதவீத வட்டியில் என்றால் தவணை 110 டாலர், யூனிட் 7.3 சென்ட். அதே பேனல், அதே வெயில், ஆனால் விலை ஏறத்தாழ இரட்டிப்பு. 10 சதவீதத்தில் 25 வருஷமும் கட்டி முடித்தால் மொத்தம் 2,750 டாலர் போயிருக்கும். அதில் பேனலுக்குப் போனது 1,000. மிச்சமெல்லாம் வட்டி.

நிலக்கரி, எரிவாயு நிலையங்களின் கணக்கு வேறு மாதிரி. அங்கே செலவில் ஒரு பெரிய பங்கு எரிபொருள். அதை எரிக்க எரிக்க வாங்கினால் போதும். கரன்ட் விற்று வரும் பணத்திலிருந்தே அடுத்த லோடுக்குக் கொடுத்துவிடலாம். வட்டி ஏறினாலும் அந்தக் கணக்கு அவ்வளவாக ஆடாது. சூரியனும் காற்றும் அப்படி இல்லை. 25 வருஷத்துக்கான செலவு முழுவதையும் முதல் நாளே கொட்டியாக வேண்டும். தமிழில் முதல் என்றால் தொடக்கம், முதல் என்றால் போடுகிற பணமும்தான். இந்த விஷயத்தில் இரண்டு பொருளும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. அந்த முதல் யாரிடம் இருக்கிறது, என்ன வட்டிக்குக் கிடைக்கிறது, அது போடப்படும்போது நஷ்டம் யார் தலையில் விழுகிறது என்பதைப் பார்த்தால், சுத்த எரிசக்தியின் அரசியலில் பாதிக்கு மேல் விளங்கிவிடும் என்பது என் எண்ணம்.

ஆப்பிரிக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். உலகின் மிகச் சிறந்த சூரிய ஒளி வளத்தில் 60 சதவீதம் அந்தக் கண்டத்தில் இருக்கிறது என்று சர்வதேச எரிசக்தி முகமை 2022-ல் சொன்னது. உலகில் நிறுவப்பட்ட சூரிய மின் திறனில் அதன் பங்கோ வெறும் 1 சதவீதம். வெயிலுக்குப் பஞ்சமில்லை. பேனல் விலையும் ஒரு தடை என்று சொல்ல முடியாது. சூரிய மின்சாரத்தின் உலகச் சராசரிச் செலவு 2010-க்கும் 2023-க்கும் இடையில் சுமார் 90 சதவீதம் இறங்கியிருக்கிறது. ஆனால் வளரும் நாடுகளில் இத்தகைய திட்டங்களுக்கு முதல் திரட்டும் செலவு, பணக்கார நாடுகளில் ஆவதைப் போல இரண்டு மடங்கும் அதற்கு மேலும் இருக்கிறது. நாணயம் சரிந்துவிடுமோ, அரசு மின் நிறுவனம் பணம் தராமல் இழுத்தடிக்குமோ, ஆட்சி மாறினால் ஒப்பந்தம் கிழிக்கப்படுமோ என்ற பயம் ஒவ்வொன்றுக்கும் கடன் கொடுப்பவர் அரை சதவீதம், ஒரு சதவீதம் என்று ஏற்றிக்கொண்டே போகிறார். மேகம் சூழ்ந்த வட ஐரோப்பாவில் மலிவான பணத்தில் கட்டிய நிலையம், வெயில் கொளுத்தும் நாட்டில் விலையுயர்ந்த பணத்தில் கட்டிய நிலையத்தோடு போட்டிக்கு நிற்க முடிவது இதனால்தான்.

"சந்தை பார்த்துக்கொள்ளும், சூரிய மின்சாரம்தான் மலிவாகிவிட்டதே" என்று யாராவது சொன்னால் நான் கேட்கும் முதல் கேள்வி: எந்த வட்டியில்?

இந்த விலை இறங்கிய கதையே ஒரு வட்டிக் கதைதான். 1954-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் முதல் உருப்படியான சிலிக்கான் சூரியக் கலத்தைக் காட்டினார்கள். அதன் பிறகு பல பத்தாண்டுகள் அது செயற்கைக்கோளுக்கும் கால்குலேட்டருக்கும்தான் உதவியது. பெரிய திருப்பம் 2000-ல் ஜெர்மனியில் வந்த ஒரு சட்டம். ஹெர்மன் ஷேர், ஹான்ஸ்-யோசஃப் ஃபெல் போன்ற நாடாளுமன்ற உறுப்பினர்கள் முன்நின்று கொண்டுவந்தார்கள். சூரிய மின்சாரத்தை மின்தொகுப்பில் செலுத்தும் எவருக்கும், அவர் விவசாயியோ பள்ளி ஆசிரியரோ, 20 வருஷத்துக்கு நிச்சயமான ஒரு விலை. தொடக்கத்தில் யூனிட்டுக்கு ஏறக்குறைய 50 யூரோ சென்ட்.

அந்த விலை அதிகம் என்று பலரும் குறை சொல்வார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அந்த 20 வருஷ உறுதி. சட்டத்தின் பலத்தில் வருமானம் நிச்சயம் என்று ஆன பிறகு, ஊர்க் கூட்டுறவு வங்கிக்காரர் ஏணியைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. குறைந்த வட்டிக்குக் கடன் கிடைத்தது. லட்சக்கணக்கான கூரைகளில் பேனல் ஏறியது. அந்தத் தேவையை நம்பித்தான் சீனாவில் தொழிற்சாலைகள் பெருகின. இன்று பேனல் தயாரிப்பின் எல்லாக் கட்டங்களிலும் 80 சதவீதத்துக்கு மேல் சீனாவிடம் இருக்கிறது. செய்யச் செய்யக் கை பழகி விலை இறங்கியது.

அதற்கான காசு எங்கிருந்து வந்தது? ஜெர்மன் வீடுகளின் மின்கட்டண ரசீதிலிருந்து. ஒவ்வொரு யூனிட்டின் மேலும் ஒரு கூடுதல் கட்டணம். 2017-ல் அது 6.88 சென்ட் வரை ஏறியது. வெளிநாட்டுப் போட்டியைச் சமாளிக்க வேண்டும் என்ற காரணத்தால், மின்சாரத்தை அதிகம் விழுங்கும் பெரிய ஆலைகளுக்கு அதில் பெரும்பகுதி தள்ளுபடி. ஆகவே சொந்தக் கூரை இல்லாத வாடகை வீட்டுக்காரர், கூரை இருப்பவரின் பேனலுக்கும் சேர்த்துக் கட்டினார். 2022 ஜூலையில்தான் அந்தக் கூடுதல் கட்டணத்தை எடுத்துவிட்டு, செலவை அரசுக் கருவூலத்துக்கு மாற்றினார்கள். இன்று உலகில் எந்த மூலையில் ஒருவர் மலிவாகப் பேனல் வாங்கினாலும், அதில் அந்த வாடகை வீட்டுக்காரர்களின் பங்கு இருக்கிறது. அவர்களுக்கு யாரும் நன்றி சொல்லி நான் கேட்டதில்லை. நான் சொல்லிக்கொள்கிறேன்.

சரி, மலிவாகிவிட்டது. அப்புறம் என்ன சிக்கல்?

வெயில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அடிக்கிறது, அதுதான் சிக்கல். மின்சந்தையில் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் தனித்தனி விலை உண்டு. மலிவான மின்சாரத்தை முதலில் எடுத்துக்கொள்வார்கள். தேவை நிரம்பும் இடத்தில் கடைசியாக உள்ளே வரும் நிலையத்தின் விலைதான் அந்த மணிக்கு எல்லோருக்கும். 2022-ல் ஐரோப்பாவில் எரிவாயு விலை தாறுமாறாக ஏறியபோது காற்றாலை மின்சாரமும் அதே விலைக்குப் போனது இந்த முறையால்தான். அதே முறை, வசந்தகால ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் தலைகீழாக வேலை செய்யும். ஆலைகள் மூடிக் கிடக்கும், வெயில் நன்றாக அடிக்கும், எல்லாப் பேனலும் ஒன்றாகக் கொட்டும். விலை பூஜ்யத்துக்குப் போகும், அதற்குக் கீழேயும் போகும். கரன்ட்டை எடுத்துக்கொள்கிறவருக்குக் காசு கொடுக்க வேண்டிய நிலை. ஜெர்மனியில் 2024-ல் இப்படி 457 மணி நேரம் விலை எதிர்மறையில் இருந்தது.

அந்த நேரத்தில் மின்சாரம் பயன்படுத்துகிறவருக்கு இது நல்ல செய்திதான். புதிதாக ஒரு சூரிய மின் நிலையம் கட்ட நினைப்பவருக்கு? அவர் நிலையம் உற்பத்தி செய்யும் அதே மணிகளில்தான் விலை படுத்துக்கொள்கிறது. இன்னும் பத்துப் பேர் கட்டினால் இன்னும் படுக்கும். இதைப் பார்க்கும் வங்கி, "உங்கள் வருமானம் நிச்சயமில்லை" என்று வட்டியை ஏற்றும். மலிவாக விற்கும் பொருளால் லாபம் குறைகிறது, லாபம் குறைவதால் கடன் விலையேறுகிறது. இந்த முடிச்சைச் சந்தை தானாக அவிழ்த்த நாடு எதையும் நான் பார்க்கவில்லை. பிரிட்டன் போன்ற நாடுகள் ஏலம் விட்டு, சந்தை விலை எவ்வளவானாலும் நிலையத்துக்கு இன்ன விலை என்று 15 வருஷத்துக்கு ஒப்பந்தம் போட்டன. சந்தை விலை அதற்குக் கீழே போனால் வித்தியாசம் நிலையத்துக்கு. மேலே போனால் வித்தியாசம் திரும்பி வரும். மானியம் என்று இதைத் திட்டுகிறவர்கள் உண்டு. பொதுமக்களின் பேரில் கொடுக்கப்படும் ஜாமீன் என்று நான் இதைப் பார்க்கிறேன். அந்த ஜாமீனால்தான் வட்டி குறைகிறது.

மத்தியானக் கரன்ட்டைச் சாயங்காலத்துக்கு நகர்த்த பேட்டரி வந்துவிட்டது. கலிபோர்னியாவில் சூரியன் மறையும் நேரத்தில் பேட்டரிகள் பல ஆயிரம் மெகாவாட் தருகின்றன. வெயிலும் காற்றும் அதிகமுள்ள இடத்திலிருந்து நகரங்களுக்குக் கொண்டுவரும் மின்பாதைகள்தான் பின்தங்கி நிற்கின்றன. வடக்கே கடற்காற்றில் கிடைக்கும் மின்சாரத்தைத் தெற்கே கொண்டுபோக ஜெர்மனி திட்டமிட்ட ஸூட்லிங்க் பாதை சுமார் 700 கிலோமீட்டர். 2022-ல் முடிந்திருக்க வேண்டியது. உயரக் கோபுரங்கள் எங்கள் ஊர் வழியாக வேண்டாம் என்று எதிர்ப்பு கிளம்ப, பெரும்பாலும் தரைக்கடியில் கேபிளாகப் போட முடிவாகி, முடியும் தேதி பல வருஷம் தள்ளிப் போய்விட்டது.

இனி, என்னை மிகவும் தொந்தரவு செய்கிற பகுதிக்கு வருகிறேன். முதல் இருப்பவர்கள் மின்தொகுப்பை விட்டு வெளியேறும்போது என்ன ஆகிறது?

பாகிஸ்தான் 2024-ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் சுமார் 17,000 மெகாவாட் அளவுக்குச் சோலார் பேனல் இறக்குமதி செய்தது. அரசு போட்ட பெரிய திட்டம் எதுவும் இதற்குக் காரணமில்லை. மின்கட்டணம் தாங்க முடியாமல் ஏறியது, சீனப் பேனல் மலிவாகக் கிடைத்தது, மக்கள் தாங்களாகவே வாங்கிக் கூரையில் ஏற்றினார்கள். படிக்கும்போது உற்சாகமாகத்தான் இருந்தது. சாதாரண மனிதர்கள் யாருக்கும் காத்திராமல் தங்கள் வெளிச்சத்தைத் தாங்களே தேடிக்கொண்டார்கள்.

ஆனால் கட்டணம் ஏன் அவ்வளவு ஏறியது என்று பார்க்க வேண்டும். தனியார் அனல் மின் நிலையங்களோடு போடப்பட்ட ஒப்பந்தங்களில், மின்சாரத்தை வாங்கினாலும் வாங்காவிட்டாலும் நிலையம் தயாராக இருப்பதற்காகவே ஒரு தொகை கொடுத்தாக வேண்டும். அந்த நிலையங்களைக் கட்ட வாங்கிய கடனும் வட்டியும் அதற்குள் இருக்கின்றன. யார் வெளியேறினாலும் அந்தத் தொகை குறையாது. பெரிய வீட்டுக்காரர் பேனல் போட்டு வாங்கும் யூனிட்டைக் குறைத்துக்கொண்டால், அதே தொகையை மிச்சமிருப்பவர்கள் பிரித்துக்கொள்ள வேண்டும். மிச்சமிருப்பவர் யார்? கூரை இல்லாதவர், மூன்றாம் மாடியில் ஒண்டுக்குடித்தனம் இருப்பவர், பேனலுக்கு முதல் போட வழியில்லாதவர். அவர் கட்டணம் ஏறுகிறது. ஏற ஏற இன்னும் சிலர் வெளியேறுகிறார்கள்.

இதே கணக்கு கலிபோர்னியாவிலும் நடந்தது. அங்கே 2023 ஏப்ரலிலிருந்து புதிதாகக் கூரைப் பேனல் போடுகிறவர்கள் மின்தொகுப்புக்குத் தரும் கரன்ட்டின் விலையை வெகுவாகக் குறைத்தார்கள். போட்டவர்களின் சங்கங்கள் "சூரியனுக்கு வரி" என்று கோபப்பட்டன. மற்றவர்கள் "எங்கள் தலையில் சுமத்தாதீர்கள்" என்றார்கள். இரண்டு பக்கமும் பொய் சொல்லவில்லை. நானும் கூரையில் பேனல் போட நினைக்கிறவன்தான். போட்டுவிட்டால் என் ரசீது குறையும், என் தெருவில் இன்னொருவர் ரசீதில் ஒரு துளி ஏறும். அந்தத் துளியை எனக்குத் தெரிந்த வரையில் எந்தப் பேனல் விற்பனையாளரும் கணக்கில் காட்டுவதில்லை. கம்பிக்கும் கம்பத்துக்குமான செலவை யூனிட்டோடு கட்டாமல், வசதிக்கேற்ப எல்லோரிடமும் வாங்க ஏதாவது வழி வேண்டும் என்று நினைக்கிறேன். நிலையான மாதக் கட்டணம் என்று எல்லோருக்கும் ஒரே தொகை போட்டால், அதுவும் ஏழைக்குத்தான் பாரம். நான் கட்டவேண்டி வந்தாலும் சரி, வருமானத்தைப் பார்த்து வாங்குங்கள்.

விலை என்று வந்தால் மக்கள் முட்டாள்கள், சுற்றுச்சூழலைப் பற்றிக் கவலையில்லாதவர்கள் என்று பேசுகிற ஒரு படித்த கூட்டம் எல்லா நாட்டிலும் உண்டு. 2018 நவம்பர் 17 அன்று பிரான்ஸில் லட்சக்கணக்கானவர்கள் மஞ்சள் மேல்சட்டை போட்டுக்கொண்டு சாலைகளை மறித்தபோதும் அப்படித்தான் பேசினார்கள். அந்த மேல்சட்டையை ஒவ்வொரு காரிலும் வைத்திருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். ஆகவே எல்லோரிடமும் அது இருந்தது. கார் இல்லாமல் வேலைக்குப் போகவே முடியாத சிற்றூர்க்காரர்கள் அவர்களில் நிறையப் பேர். டீசல் வரி ஏறிக்கொண்டிருந்தது. அதே 2018 தொடக்கத்தில்தான் பெரும் செல்வந்தர்களுக்கான சொத்து வரியை நீக்கி, நிலம் வீடுகளுக்கு மட்டும் என்று அரசு சுருக்கியிருந்தது. இரண்டையும் ஒரே வருஷத்தில் பார்த்தவருக்கு அது காலநிலைக் கொள்கையாகத் தெரியுமா? டிசம்பரில் அரசு அந்த வரி உயர்வைக் கைவிட்டது.

கனடா வேறு வழியை முயன்றது. 2019-லிருந்து எரிபொருள் மேல் கார்பன் கட்டணம். வசூலானதில் பெரும்பகுதியை அப்படியே குடும்பங்களுக்குத் திருப்பிக் கொடுத்தது. நேரடிக் கணக்கில் பெரும்பாலான குடும்பங்களுக்குக் கட்டியதைவிடக் கூடுதலாகவே திரும்பி வந்தது. ஆனால் கட்டணம் ஒவ்வொரு முறை பெட்ரோல் போடும்போதும் கண்ணில் குத்தியது. திரும்பி வந்த பணமோ 2022-லிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை, என்ன ஏது என்று தெளிவில்லாத ஒரு பெயரில் வங்கிக் கணக்கில் விழுந்தது. வங்கிகளிடம் சொல்லிச் சரியான பெயர் போடவைக்க 2024 ஆகிவிட்டது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. 2025 ஏப்ரல் 1 அன்று நுகர்வோருக்கான அந்தக் கட்டணத்தைப் பூஜ்யமாக்கினார்கள்.

இந்த இடத்தில் ஈரானின் கதையைச் சொல்லாமல் போக முடியாது. ஒரே நாடு ஒரே காரியத்தை இரண்டு விதமாகச் செய்து காட்டியிருக்கிறது. 2010 டிசம்பரில் எரிபொருள் மானியத்தைப் பெருமளவில் வெட்டினார்கள். அதற்கு முன்பே நாடு முழுவதும் குடும்பங்களுக்கு வங்கிக் கணக்கு திறந்து, உதவித்தொகையைப் போட்டுவிட்டார்கள். கணக்கில் பணம் இருப்பது தெரியும், விலை உயரும் நாள் வரை எடுக்க முடியாது. அந்த நாள் வந்தது. விலை பல மடங்கு ஏறியது. மக்கள் பணத்தை எடுத்துக்கொண்டார்கள். பெரிய கலவரம் இல்லை. பின்னால் பணவீக்கம் அந்தத் தொகையின் மதிப்பைத் தின்றுவிட்டது என்பது வேறு விஷயம். 2019 நவம்பரில் அதே நாட்டில் நள்ளிரவில், முன்னறிவிப்பே இல்லாமல் பெட்ரோல் விலையை ஏற்றினார்கள். பணம் பின்னால் வரும் என்றார்கள். போராட்டம் வெடித்தது, அடக்குமுறையில் நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தார்கள்.

பணம் முந்தியா, விலை முந்தியா? அந்த வரிசை மாறியதற்கு இவ்வளவு பெரிய விலை.

தொழிலாளர் விஷயத்திலும் அதே வரிசைதான்: மாற்று ஏற்பாடு முந்தியா, மூடல் முந்தியா? 1882-ல் லண்டனின் ஹோல்போர்ன் வையடக்ட் என்ற இடத்தில் எடிசனின் நிறுவனம் தொடங்கியது உலகின் முதல் பொது நிலக்கரி மின் நிலையம். 142 வருஷம் கழித்து, 2024 செப்டம்பர் 30 அன்று, ராட்கிளிஃப் நிலையம் நின்றபோது பிரிட்டனில் நிலக்கரி மின்சாரம் முடிந்தது. 2012-ல்கூட அந்நாட்டின் மின்சாரத்தில் கிட்டத்தட்ட 40 சதவீதம் நிலக்கரி. மூடும் முடிவை 2015-லேயே அறிவித்துவிட்டார்கள். வேறு வேலைக்குப் பயிற்சி எடுக்க, இடம் மாற, ஓய்வுக்குத் தயாராக ஒன்பது வருஷம் இருந்தது. அதே நாட்டில் 1984 மார்ச்சிலிருந்து ஒரு வருஷம் நடந்த சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தையும் அதன் பின் சுரங்கங்கள் மளமளவென்று மூடப்பட்டதையும் அந்த ஊர்கள் இன்னும் மறக்கவில்லை. அன்று காற்றைச் சுத்தமாக்க யாரும் சுரங்கத்தை மூடவில்லை. மூடிய விதம்தான் தலைமுறைகளைத் தாண்டி வலிக்கிறது.

மேற்கு ஜெர்மனியில் 1950-களில் கடின நிலக்கரித் தொழிலில் சுமார் 6 லட்சம் பேர் இருந்தார்கள், பெரும்பாலானோர் ரூர் பகுதியில். மானியத்தை 2018-ல் நிறுத்துவது என்று 2007-ல் ஒப்பந்தம் போட்டார்கள். பதினோரு வருஷ அவகாசம். ஒரு சுரங்கத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினார்கள், வயதானவர்களுக்கு முன்கூட்டியே ஓய்வூதியம் கொடுத்தார்கள். 2018 டிசம்பர் 21 அன்று பாட்ராப் நகரின் ப்ராஸ்பர்-ஹானியல் சுரங்கத்திலிருந்து தொழிலாளர்கள் கடைசி நிலக்கரிக் கட்டியை மேலே கொண்டுவந்து குடியரசுத் தலைவர் ஷ்டைன்மையர் கையில் கொடுத்தார்கள். அந்தப் படத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கரி படிந்த முகங்கள், ஒரு கறுப்புக் கட்டி, அதை இரண்டு கையாலும் வாங்கும் ஒரு மனிதர்.

அங்கே செலவு அத்தோடு முடியவில்லை. நூறு வருஷத்துக்கு மேல் கீழே தோண்டியதால் சில இடங்களில் நிலம் 20 மீட்டருக்கும் மேல் தாழ்ந்துவிட்டது. தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்காவிட்டால் மக்கள் வாழும் ஊர்கள் ஏரியாகிவிடும். எத்தனை வருஷம் இறைக்க வேண்டும்? முடிவே கிடையாது. ஜெர்மன் மொழியில் இதற்கு "நித்தியச் சுமை" என்ற பொருளில் ஒரு சொல்லே இருக்கிறது. அதற்காக ஓர் அறக்கட்டளை நிறுவி, ஆண்டுக்கு 20 கோடி யூரோவுக்கு மேல் செலவிடுகிறார்கள். நிலக்கரி மலிவு என்று சொல்லப்பட்ட அத்தனை வருஷமும் இந்தத் தொகை எந்த ரசீதிலும் இல்லை.

ஸ்பெயினில் 2018 அக்டோபரில் அரசும் தொழிற்சங்கங்களும் உட்கார்ந்து பேசி, பெரும்பாலான நிலக்கரிச் சுரங்கங்களை மூட ஒப்புக்கொண்டன. 25 கோடி யூரோ. 48 வயது தாண்டியவர்களுக்கு முன் ஓய்வு. மற்றவர்களுக்கு நிலத்தைச் சீர்செய்யும் வேலை, பயிற்சி. அடுத்த வருஷத் தேர்தலை ஆராய்ந்தவர்கள், ஒத்த தன்மையுள்ள மற்ற ஊர்களோடு ஒப்பிடும்போது அந்தச் சுரங்க ஊர்களில் ஆளும் கட்சியின் ஓட்டு கூடியிருந்ததைக் கண்டார்கள். சுரங்கத்தை மூடியவர்களுக்கு, சுரங்கத் தொழிலாளர் ஊரில் ஓட்டு கூடுகிறது. அரசியல்வாதிகள் சொல்லும் "மக்கள் ஏற்க மாட்டார்கள்" என்ற வார்த்தையை நான் அவ்வளவாக நம்பாததற்கு இது ஒரு காரணம்.

தென் ஆப்பிரிக்காவின் கோமாட்டியில் வரிசை தலைகீழானது. ம்புமலாங்கா மாகாணத்தில் 1961-ல் தொடங்கிய அனல் மின் நிலையம் அது. அந்நாட்டு நிலக்கரி மாற்றத்துக்காக 2021-ல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் பணக்கார நாடுகள் 850 கோடி டாலர் தருவதாகச் சொல்லியிருந்தன. அதில் மானியம் சுமார் 4 சதவீதம். மிச்சத்தில் பெரும்பகுதி கடன். கோமாட்டியின் கடைசி அலகு 2022 அக்டோபர் 31 அன்று நின்றது. நிலையத்தை நம்பியிருந்த ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு வேலை போனது. ஊர் தயாராகும் முன்பே மூடிவிட்டார்கள் என்று அந்நாட்டு ஜனாதிபதியின் காலநிலை ஆணையமே பின்னர் குறை சொன்னது.

அந்த இடத்தில் சூரிய, காற்று மின்சாரம், பேட்டரி, பயிற்சி எல்லாம் கொண்டுவர உலக வங்கி 49.7 கோடி டாலர் ஒதுக்கியது. அந்த ஒப்புதல் வந்தது 2022 நவம்பரில், நிலையம் நின்று சில நாள் கழித்து. அதில் திருப்பித் தர வேண்டாத மானியம் 1 கோடி டாலர். மற்றதெல்லாம் கடன். அதை வட்டியோடு அடைப்பவர்களில் வேலை போன அந்த ஊர்க்காரர்களும் இருப்பார்கள்.